கேட்காத சேவைக்குக் கட்டணமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கைப்பேசிக்குக் கேளாமலே வரும் விளம்பரக் குறுஞ்செய்திகள் பற்றியும், அவற்றின் வழியே பணம் பிடித்துக்கொள்ளும் சேவைகள் பற்றியும் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களில் குறிப்பிடப்பட்டிருந்த நிறுவனங்களின் பெயர்களை நீக்கிவிட்டோம். விதிகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே என்பதால் பதில்களில் அதனால் குறை எதுவும் நேராது.

கேள்வி: என் தாயார் மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். நான் திருப்பூரிலிருந்து டாப்-அப் போட்டுவிட்டால், இரண்டொரு நாளில் பேலன்ஸ் கரைந்துவிடுகிறது. விசாரித்தபோது ஜோதிடச் செய்தி, பாட்டு என்று ஏதோ சேவைகள் ஓடுவதாகச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தான் எதையும் கேட்கவில்லை என்று அடித்துச் சொல்கிறார். இதை எப்படி நிறுத்துவது? போன பணம் திரும்பக் கிடைக்குமா?

உங்கள் தாயார் சொல்வது உண்மையாகவே இருக்கும். அதே நேரத்தில், அவர் சம்மதம் தெரிவித்ததாக நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு குறிப்பு இருப்பதும் உண்மையாக இருக்கலாம். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால், புகார் செய்யும்போது உங்கள் பேச்சு தடுமாறாது.

நம் நாட்டில் ஒரு குறுஞ்செய்தி வந்து சேர்வதற்காக யாரும் பணம் பிடிப்பதில்லை. பணம் போவது சந்தாவுக்காக. நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் இந்தச் சந்தாக்களுக்கு மதிப்புக்கூட்டுச் சேவை என்று பெயர். பில்லிலும் கஸ்டமர் கேரிலும் இதை 'வி.ஏ.எஸ்.' என்பார்கள். பட்டன் போனில் இந்தச் சந்தா தொடங்குவதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன. திரையில் தானாக எழும் ஓர் அறிவிப்பு, அதை அகற்றுவதற்காக ஓ.கே. பட்டனை அழுத்தினாலே ஒப்புதலாக மாறிவிடலாம். பதிவு செய்த குரலில் வரும் அழைப்பு 'இந்தப் பாட்டு வேண்டுமானால் ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும்போது, அழைப்பைத் துண்டிக்கத் தேடும் விரல் ஒன்றின் மேல் பட்டுவிடலாம். மற்றவருக்குப் போன் செய்து அவருடைய காலர் டியூனைக் கேட்டுக்கொண்டிருக்கையில் நட்சத்திரக் குறியை அழுத்தினால், அந்தப் பாட்டு இங்கேயும் வந்து உட்கார்ந்துவிடும். இணையம் உள்ள போன்களிலோ விளம்பரப் படத்தின் மேல் விரல் படுவதே தொடக்கமாகிவிடும். வயதானவர்கள் திரையை மறைக்கும் எதையும் அகற்றத்தான் பார்ப்பார்கள். அகற்றுவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் ஒரே பட்டனை வைத்திருப்பது தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

இந்தக் குறை அரசுக்குத் தெரியாததன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவில், எந்த வழியில் சேவை தொடங்கப்பட்டாலும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை ஒப்புதல் பெற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முதல் ஒப்புதலுக்குப் பிறகு, சேவையின் பெயர், கட்டணம், எத்தனை நாளுக்கு என்ற விவரம் ஆகியவற்றைத் தெரிவித்து, இரண்டாவது ஒப்புதலைத் தனியாகப் பெற வேண்டும். அது வராவிட்டால் கட்டணம் பிடிக்கக் கூடாது. ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் விவரம் அனுப்பிவிட்டு, அவர் அழுத்திய பட்டனை ஒப்புதல் என்று எழுதிவைத்தால், விதியின் எழுத்து காப்பாற்றப்படுகிறதே தவிர அதன் நோக்கம் காப்பாற்றப்படுவதில்லை என்பது என் கருத்து. புகாரில் இதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

செய்ய வேண்டியது இது. 155223 என்ற கட்டணமில்லா எண், மதிப்புக்கூட்டுச் சேவைகளை நிறுத்துவதற்காகவே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் தாயாரின் போனிலிருந்தே அந்த எண்ணை அழைக்க வேண்டும். நீங்கள் திருப்பூரிலிருந்து உங்கள் எண்ணில் அழைத்தால் உங்கள் சேவைகளின் விவரம்தான் வரும். ஊருக்குப் போகும்போது செய்யலாம், அல்லது அம்மாவுக்குத் துணையாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது செய்யச் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கும் சேவைகள் எவை என்று கேட்டு, ஒவ்வொன்றையும் நிறுத்தியதற்கான குறுஞ்செய்தி வரும்வரை காத்திருங்கள். பிறகு 198 என்ற புகார் எண்ணை அழைத்து, சம்மதம் இல்லாமல் தொடங்கப்பட்ட சேவை என்றும், பிடித்த பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பணம் பிடிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டால் திரும்பப் பெறுவது எளிது. நாள் கடந்திருந்தாலும் புகாரை விட்டுவிட வேண்டாம்.

எதிர்முனையில் இருப்பவர் 'நீங்கள்தான் அழுத்தியிருப்பீர்கள்' என்று சொல்வது வழக்கம். அதற்கு மறுப்பாக வாதாட வேண்டியதில்லை. இரண்டாவது ஒப்புதல் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வழியில் பெறப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். அந்த விவரத்தைப் புகாரோடு சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ப்ரீபெய்டு வாடிக்கையாளர்களும் கடந்த ஆறு மாதங்களுக்குள் என்னென்ன பிடிக்கப்பட்டது என்ற விரிவான கணக்கைக் கேட்டுப் பெறலாம். அதற்கு நிறுவனம் 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பல மாதங்களாகப் பணம் போயிருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்குத்தான் முதல் ஆதாரம்.

இனி வராமல் இருக்க ஒரு வழி உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தச் சந்தாக்கள் மெயின் பேலன்ஸில் இருந்துதான் பணம் எடுக்கின்றன. அளவில்லா அழைப்பு தரும் பேக்கிலிருந்து எடுக்க அவற்றுக்கு வழியில்லை. ஆகவே டாப்-அப் போடுவதை நிறுத்திவிட்டு, அம்மாவுக்குத் தேவையான நாள்களுக்குப் பேக் மட்டும் போட்டு, மெயின் பேலன்ஸைக் காலியாகவே விட்டுவிடுங்கள். தலைமடையை அடைத்துவிட்டால் கன்னி வாய்க்கால் ஒவ்வொன்றாகக் காவல் காக்க வேண்டியதில்லை. திரையில் எழும் அறிவிப்புகளை நிறுத்தும் வசதி, போனில் உள்ள சிம் மெனுவிலேயே இருக்கும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் 198-லேயே நிறுத்தித் தரச் சொல்லலாம். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த உபாயம் பலிக்காது. அவர்கள் மாதம்தோறும் பில்லில் மதிப்புக்கூட்டுச் சேவை என்ற வரியைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: விளம்பரச் செய்திகளை நிறுத்த 1909-ல் பதிவு செய்யச் சொல்கிறார்கள். நான் திருவையாறு பக்கத்தில் விவசாயம் செய்பவன். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறிய செய்தியும், காஸ் சிலிண்டருக்கு வரும் ஓ.டி.பி.யும் அதனால் நின்றுவிடுமோ என்று தயங்குகிறேன். பக்கத்து வயல்காரர் பதிவு செய்த பிறகும் அவருக்கு விளம்பரங்கள் வருகின்றனவாம். பிறகு பதிவு செய்து என்ன பயன்?

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இல்லை. வங்கிக் கணக்கில் பணம் ஏறியது, ஓ.டி.பி., அரசுத் துறைகளின் அறிவிப்பு ஆகிய எதையும் 1909 பதிவு தொடாது. அது நிறுத்துவது விளம்பரங்களை மட்டுமே. குறுவை நெல் போட்டுவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும் நாள்களிலும் நீங்கள் அச்சமின்றிப் பதிவு செய்யலாம்.

எது விளம்பரம், எது வேண்டிய செய்தி என்பதை இப்போது செய்தியின் தலைப்பிலேயே தெரிந்துகொள்ளலாம். 2018-இல் டிராய் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, வணிகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்க்குறியையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். 2025 பிப்ரவரியில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பெயர்க்குறியின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வருகின்றன. பி என்று முடிந்தால் விளம்பரம். எஸ் என்றால் நீங்கள் ஏற்கெனவே வாடிக்கையாளராக இருக்கும் நிறுவனத்தின் சேவைச் செய்தி. டி என்றால் ஓ.டி.பி. போன்ற பரிவர்த்தனைச் செய்தி. ஜி என்றால் அரசு. வீட்டில் ஆங்கில எழுத்து தெரிந்த பள்ளிப் பிள்ளை இருந்தால் இந்த நான்கையும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பதிவு செய்வது எளிது. 1909-ஐ அழைத்துச் சொல்லலாம். அல்லது அந்த எண்ணுக்கே ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்ற சொல்லை எழுதி, இடைவெளி விட்டு, 0 என்று சேர்த்து அனுப்பினால் எல்லா வகை விளம்பரங்களும் தடுக்கப்படும். வங்கி, மனை, கல்வி, மருத்துவம் என்று வகை பிரித்து, சிலவற்றை மட்டும் தடுப்பதும் உண்டு. என்னைக் கேட்டால் முழுவதையும் தடுத்துவிடுவதே நல்லது. மனை விற்பவரின் செய்தி வரவில்லையே என்று யாரும் வருந்திக் கடிதம் எழுதியதில்லை.

பக்கத்து வயல்காரருக்கு ஏன் தொடர்ந்து வருகிறது என்றால், அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். கும்பகோணத்திலோ தஞ்சையிலோ ஒரு கடையில் பில் போடும்போது எண்ணைக் கொடுத்து, அதோடு விளம்பரம் அனுப்பவும் சம்மதித்திருப்பார்; அந்தக் கடைக்குத் தந்த சம்மதத்தைத் தனியாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால், பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து அனுப்பும், பதிவு செய்யாத ஆள்களாக இருக்கும். இவர்கள் பதிவேடு எதையும் பார்ப்பதில்லை என்பதால், இவர்களை நிறுத்துவதற்குப் புகார் ஒன்றே வழி. அதற்கு அந்த எண்ணையும், செய்தி வந்த தேதியையும், செய்தி எதைப் பற்றியது என்பதன் சுருக்கத்தையும் 1909-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். முன்பு மூன்று நாள்களுக்குள் புகார் செய்தாக வேண்டும் என்று இருந்தது, 2025 திருத்தத்தில் ஏழு நாள்களாக நீட்டப்பட்டது. நிறுவனம் நடவடிக்கை எடுக்க முன்பிருந்த 30 நாள் அவகாசம் ஐந்து நாள்களாகச் சுருக்கப்பட்டது. விளம்பரத் தடுப்புக்குப் பதிவு செய்யாதவர்களும் இப்படிப்பட்ட ஆள்கள்மேல் புகார் செய்யலாம். எரிச்சலில் செய்தியை அழித்துவிடாமல் இருந்தால் போதும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நெல் பணம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, கே.ஒய்.சி.யைப் புதுப்பிக்க இந்த இணைப்பை அழுத்தவும்' என்பதுபோல ஒரு செய்தி வந்தால் அது விளம்பரமன்று, மோசடி. அதை 1909-க்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவியுங்கள். பணம் போய்விட்டது என்றால் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள்.

கேள்வி: கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டில் இருவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். அடிக்கடி முன்பின் தெரியாத வெளிநாட்டு எண்களிலிருந்து மிஸ்டு கால் வருகிறது. நம் பிள்ளைகளாக இருக்குமோ என்று திரும்ப அழைத்தால் பேலன்ஸ் போய்விடுகிறது. இது எப்படி?

திரும்ப அழைக்க வைப்பதுதான் அவர்களின் தொழில். நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் உள்ள வெளிநாட்டு எண்களுக்கு நீங்கள் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு அவர்களைச் சென்றடைகிறது. பிள்ளைகளின் எண்களைப் பெயரோடு சேமித்துவைத்து, பெயர் தெரியாத வெளிநாட்டு எண்ணைத் திரும்ப அழைக்காமல் இருந்தால் போதும். நம் வீட்டுப் பிள்ளை என்றால் மறுபடியும் அழைப்பான். வெளிநாட்டு அழைப்புக்குப் போனில் தேவையே இல்லை என்றால், வெளியே செல்லும் ஐ.எஸ்.டி. வசதியை மூடச் சொல்லலாம்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் படிக்கிறாள். ஐந்து இலக்க எண் ஒன்றிலிருந்து ஏதோ போட்டி என்று செய்திகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பில்லில் பணம் ஏறுகிறது. 'ஸ்டாப்' என்று பதில் அனுப்பு என்கிறார்கள் அவளுடைய தோழிகள். பதிலே அனுப்பக் கூடாது என்று இங்கே நாங்கள் படித்திருக்கிறோம். எது சரி? (ஒரு தாய், கும்பகோணம்)

அங்கே நிலைமை வேறு. நம் ஊரில் செய்தி பெறுவதற்குக் கட்டணம் இல்லை என்று மேலே சொன்னேன். இங்கிலாந்தில் பிரீமியம் கட்டணச் செய்தி என்பது பெறுபவரிடமிருந்தே பணம் பிடிக்கும் வகையில் அமைந்தது. ஆகவே உங்கள் மகள் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் செய்தி வரவர பில் ஏறிக்கொண்டே போகும்.

தோழிகள் சொன்னது சரி, ஆனால் குறுகிய எண்களுக்கு மட்டும். பெரும்பாலும் 6, 7, 8 ஆகியவற்றில் தொடங்கும் ஐந்து இலக்க எண்ணிலிருந்து வந்தால், அதை நடத்துபவர் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனம். 'ஸ்டாப்' என்று வந்தால் நிறுத்தியாக வேண்டிய கடமை அதற்கு உண்டு. ஒரே எண்ணிலிருந்து பல சேவைகள் வந்தால் 'ஸ்டாப் ஆல்' என்று அனுப்ப வேண்டும். மாறாக, 07 என்று தொடங்கும் சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்தால் பதில் அனுப்பக் கூடாது. இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று அனுப்பியவருக்கு அறிவித்ததாகவே அது முடியும். அப்படிப்பட்ட செய்தியை 7726 என்ற எண்ணுக்கு இலவசமாக அனுப்பிவைக்கலாம். நீங்கள் படித்த அறிவுரையும் இந்த வகைக்கே உரியது.

நிறுத்தியதோடு விடாமல், பணத்தையும் கேட்க வேண்டும். அந்தக் குறுகிய எண்ணை நடத்தும் நிறுவனம் எது என்று தன் கைப்பேசி நிறுவனத்திடம் கேட்டு, தான் எப்போது, எப்படிச் சேர்ந்ததாகப் பதிவு இருக்கிறது என்ற விவரத்தோடு பணத்தையும் திருப்பித் தருமாறு மகள் எழுத்தில் கேட்கட்டும். முன்பு இதைக் கண்காணித்த தனி அமைப்பின் பொறுப்பு 2025 பிப்ரவரி 1 முதல் ஆஃப்காம் என்ற தொலைத்தொடர்பு ஆணையத்திடம் வந்திருக்கிறது. நிறுவனம் பதில் தராவிட்டால் அங்கே தெரிவிக்கலாம். பிரீமியம் செய்திகளையே தன் எண்ணுக்கு வராமல் அடைத்துவிடும்படி கைப்பேசி நிறுவனத்தைக் கேட்பதும் நல்லது.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம் என்பதால் ஒரு வரி சேர்க்கிறேன். அங்கே விளம்பரத்தை மறுப்பதற்கான பதிவேடு 2014 முதல் இருக்கிறது. பதிவு செய்யாத பெயரில் வரும் செய்திகள், 2023 ஜனவரி 31 முதல், மோசடியாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கைத் தலைப்போடுதான் போனில் தோன்றுகின்றன.

கேள்வி: கேட்காத சேவைக்கு மாதாமாதம் பணம் பிடித்ததைப் பற்றி 198-ல் புகார் செய்தேன். 'எங்கள் சிஸ்டத்தில் உங்கள் சம்மதம் இருக்கிறது' என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள். தொகை சில நூறு ரூபாய்தான். இதற்காக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா? டெலிபோன் விவகாரம் அங்கே எடுபடாது என்று ஒரு வக்கீல் சொன்னார். (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்)

வக்கீல் சொன்னது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவில் நடுவர் தீர்ப்புக்கு வழி இருப்பதால், தொலைபேசிக் கட்டணத் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அதன் பிறகு பல மன்றங்கள் மனுக்களைத் திருப்பி அனுப்பின. 2022 பிப்ரவரியில், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியார் நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், அந்தப் பிரிவு நுகர்வோர் ஆணையத்தின் அதிகாரத்தைப் பறிக்காது என்று தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே உங்கள் மனு எடுபடும்.

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார். 198-இல் கிடைத்த முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாள்களுக்குள் அவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தொலைபேசியில் பேசாமல், மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்னபடி, இரண்டாவது ஒப்புதலின் தேதி, நேரம், வழி ஆகியவற்றைக் கேளுங்கள். சிஸ்டத்தில் இருக்கிறது என்பது பதிலாகாது. இருப்பதைக் காட்டுவதுதான் பதில். டிராய்க்கு எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தனிநபர் புகார்களைத் தீர்க்கும் அதிகாரம் டிராய்க்குச் சட்டத்தில் தரப்படவில்லை. அங்கே அனுப்பும் கடிதம் மறுபடியும் அதே நிறுவனத்தின் மேசைக்கே போய்ச் சேரும்.

மேல்முறையீட்டிலும் காட்டவில்லை என்றால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள். தொகை ஒரு தடவை பிடிக்கப்பட்ட சிறு தொகை என்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே உசிதம் என்பேன். உங்களுடையதோ மாதாமாதம் பிடித்தது, ஆதாரம் கேட்டும் காட்டப்படாதது. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில் தவறில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. பணம் பிடிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். பிடித்த தொகையோடு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும் செலவுத் தொகையும் கேட்க இடமுண்டு.

மனுவோடு பில்களின் அல்லது விரிவான கணக்கின் நகல், 198-இல் பெற்ற புகார் எண், மேல்முறையீட்டுக் கடிதம், அதற்கு வந்த பதில் ஆகியவற்றை இணையுங்கள். பதில் வரவில்லை என்றால், அனுப்பியதற்கான அஞ்சல் ரசீதை இணைத்தால் போதுமானது.